ஆணித் தராசில் ஏறிய கார்டு மெஷின்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். பன்னிரண்டு வயதில் ஒரு இரும்புக்கடையில் கம்பி தூக்கப் போனேன். இன்று எனக்கு எழுபத்தொன்று. அந்தக் கடை இருந்த அதே தெருவில், அதைப் போல மூன்று மடங்கு ஹார்டுவேர் கடை என்னுடையது. யாரும் கைதூக்கி விடவில்லை. கம்பியைத் தரையில் போட்டால் வரும் சத்தத்தை வைத்தே அது என்ன தடிமன் என்று இன்றைக்கும் சொல்வேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இதே தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம். என்னைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ உண்டு, அது தனி. இப்போது எழுதுவது என் கடைக் கல்லாவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி.

அவளை எல்லோரும் கல்லாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படியே. நாற்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு. புருஷன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வெளியூர். வீட்டில் மாமியார். முதலில் என் கடையில் ஆணி நிறுக்கத்தான் வந்தாள். ஆணி, ஸ்க்ரூ, வாஷர் எல்லாவற்றையும் நாங்கள் எடை போட்டுத்தான் கொடுப்போம். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் தராசு முள் அவள் சொன்ன இடத்தில் நிற்கும். மூன்றே வருஷத்தில் கல்லாவுக்குத் தூக்கினேன். ஆளை எடை போடுவதில் நான் தப்பியதே இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஒரே ஒரு தடவை தப்பினேன், அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கொத்தனார்கள், பெயிண்டர்கள், பிளம்பர்கள், வெல்டிங் பட்டறைக்காரர்கள். கை எப்போதும் சிமெண்டும் பெயிண்டும் கிரீஸுமாக இருக்கும். கார்டு வந்த புதிதில் அந்தக் கையோடு மெஷினில் நம்பர் அடித்து, பொத்தானெல்லாம் களிமண் அப்பின மாதிரி ஆகிவிட்டது. ஒரு மெஷினே பழுதாகிப் போனது. அப்புறம் ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. மேல் பையை அவள் பக்கம் நீட்டுவார்கள், அவள் கார்டை உருவுவாள், அவர்கள் ரகசிய நம்பரைச் சொல்வார்கள், அவள் அடிப்பாள். கடை நடுவில், பத்துப் பேர் நிற்கும்போது, வாய்விட்டுச் சொல்வார்கள்.

பாதிப் பேர் சொல்லவும் மாட்டார்கள். "உனக்குத்தான் தெரியுமே, போடு" என்பார்கள். கொத்தனார் ஒருவர், பதினோரு வருஷ வாடிக்கை, தன் நம்பரை மறந்துபோய்ப் பணம் எடுக்கிற இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு கடைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி நான் பெருமை அடித்துக்கொள்வேன். "பேங்க் லாக்கர்ல வைக்காததை என் கடையில வைக்கிறாங்க பாரு" என்பேன்.

அந்தப் பெருமைதான் அவள் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

ஒரு புதன்கிழமை காலை. கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கொத்தனாரும் இன்னும் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். கொத்தனார் மனைவியின் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் மொத்தமும் போய்விட்டது. நாங்கள் யாரும் கால் வைக்காத ஏதோ ஒரு தூரத்து ஊரில், யாரோ கார்டு போட்டு, சரியான நம்பர் அடித்து எடுத்திருக்கிறார்கள். கார்டோ அவர் பையிலேயே இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் அதே கதை.

"என் நம்பர் என் பொண்டாட்டிக்குத் தெரியாது. என் புள்ளைங்களுக்குத் தெரியாது" என்றார் கொத்தனார். அவருக்குச் சாரத்தின் மேலிருந்து கத்திப் பழகின குரல். கடைசி வரிசையில் பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "உலகத்துல ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். தங்கச்சின்னு நெனச்சேனே, கண்ணைப் புடுங்கிட்டியே."

கல்லாக்கா எழுந்து நின்றாள். "அண்ணே, உங்க நம்பர் எனக்குத் தெரியும். இல்லைங்கல. அதை நான் யாருக்கும் சொல்லல" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, அதனாலேயே அவளைத் திமிர் பிடித்தவள் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

மதியத்துக்குள் பேங்க் அதிகாரி வந்துவிட்டார். பதினேழு பேருக்குப் பணம் போயிருக்கிறது, பதினேழு பேரும் என் கடையில் கார்டு போட்டவர்கள். அதிகாரிக்குச் சின்ன வயது, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன், துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, இது சிப் வச்ச கார்டு. இதை மெஷின் வழியா நகல் எடுக்க முடியாது, கையில வாங்கினவங்கதான் எதாவது பண்ண முடியும். ரகசிய நம்பரும் சரியா அடிச்சிருக்கு. அப்ப நம்பர் தெரிஞ்ச ஆள்தான் உள்கை. உங்க கடையில நம்பரைக் கேட்டு அடிக்கிறாங்கன்னு ஊரே சொல்லுது. திங்கட்கிழமை போலீஸ்ல புகார் குடுக்கப்போறோம். முதல் பேர் உங்க கல்லாக்காரம்மாதான். அதுவரைக்கும் இந்த மெஷினைத் தொடாதீங்க."

என் கடையில் இரண்டு மெஷின். ஒன்று முன்னால் கல்லாவில். இன்னொன்று பின்வாசலில், சிமெண்டும் மணலும் ஏற்றுகிற இடத்தில். இரண்டும் ஒரே மாதிரி. முன் மெஷினை ஓரமாக வைத்தேன். அப்புறம் அவளிடம் போய், நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

"கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா" என்றேன்.

"என்னை நம்பலையா முதலாளி?"

"நம்பறேன். ஆனா..."

"ஆனான்னு வந்துட்டாலே நம்பலைன்னுதான் அர்த்தம்." அவள் கல்லாச் சாவியை மேஜையில் வைத்தாள். "நான் இன்னிக்கு வாசல் தாண்டுனேன்னா, திருடிட்டுப் போயிட்டான்னு தெருவே முடிவு பண்ணிடும். அப்புறம் திங்கட்கிழமை எதுக்கு? கல்லாவுல வேண்டாம்னா வேற எங்கயாவது போடுங்க. கடைக்குள்ள போடுங்க."

ஆணி மேஜைக்குப் போட்டேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே ஆரம்பித்தாளோ அங்கேயே போய் உட்கார்ந்தாள். கல்லாவில் நானே உட்கார்ந்தேன். வருகிறவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே ஆணி வாங்கினார்கள். ஒரு பெயிண்டர் எடையை இரண்டு தடவை சரிபார்த்தான். அவள் மூன்றாவது தடவையும் நிறுத்துக் காட்டினாள். "திருப்தியா? வேணும்னா எண்ணிக் குடுக்கட்டுமா?" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு போனான்.

அன்றைக்கு வீட்டில் மாமியாரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் தினமும் ஏதாவது ஒரு வாய்ச்சண்டை இருக்கும். ஆனால் அன்றைக்கு, "நாளைக்கு வயித்துவலி, தலைவலின்னு எதையாவது சொல்லி வேலைக்குப் போகாம இருந்தே, உன்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன். என் வீட்டுல திருடி கிடையாது" என்றாளாம். இவள், "உங்களுக்குப் பயந்துதான் வேலைக்கு வந்தேன்" என்று என்னிடம் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் காலை ஒரு பழைய பில் புத்தகத்தின் முதுகில் பதினேழு பேரையும் எழுதி வைத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்களை நிறுத்திக் கேட்டாள், வராதவர்களுக்குப் போன் போட்டாள். சிலர் போனை வைத்துவிட்டார்கள், மறுபடி போட்டாள். எல்லோரிடமும் மூன்றே கேள்விதான். எந்த மெஷின், என்றைக்கு, நம்பரை யார் அடித்தது.

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். "முதலாளி, பதினேழு பேருமே முன் மெஷின்ல போட்டவங்க. பின்வாசல்ல போட்டவங்க ஒருத்தருக்குக்கூடப் பணம் போகல. பதினேழுல நாலு பேர் நம்பரை என்கிட்ட சொன்னதே இல்ல. அந்தக் கண்ணாடி டீச்சர் இருக்காங்களே, கைப்பையால மூடிக்கிட்டு அடிப்பாங்க. எனக்குப் பொத்தான்கூடத் தெரியாது. அவங்க பணமும் போயிருக்கு."

"அப்போ?"

"அப்போ நம்பரைத் திருடினது ஆள் இல்ல, மெஷின்."

நான் சிரித்தேன். மெஷின் என்ன, காது வைத்துக் கேட்குமா என்றேன். அவள் சிரிக்கவில்லை. மெஷின் முதுகில் ஒரு உதவி நம்பர் ஒட்டியிருக்கும், அதற்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டபடி காத்திருந்து ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறாள். அந்தப் பெண் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கார்டில் இருக்கும் சிப்பு ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு பதில் சொல்லும். இன்றைக்குச் சொன்னதை ஒருத்தன் திருடி வைத்துக்கொண்டாலும் நாளைக்கு அது செல்லாது. ஆனால் அதே கார்டின் முதுகில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது. அது எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும். அதைப் பிரதி எடுத்து வேறு ஒரு வெறும் கார்டில் ஏற்றிவிடலாம். ரகசிய நம்பரும் கிடைத்துவிட்டால், பட்டையை மட்டும் பார்க்கிற பழைய பண இயந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் எடுத்துவிடலாம். பூட்டு போட்ட முன்கதவு சிப்பு. திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு அந்தப் பட்டை.

"ஒரு மாசமா இந்த மெஷின் என்ன பண்ணுது? சிப்பு பக்கமா போட்டா படிக்கலைங்குது, பட்டையைத் தேய்னு கேக்குது. எல்லாக் கார்டுக்கும் அப்படித்தான். பழசாயிடுச்சுன்னு நெனச்சு நானும் தேச்சேன். என்னிக்கிலிருந்து ஆரம்பிச்சுச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். மாமியாருக்குப் பல்லு எடுக்க லீவு போட்டேனே, அதுக்கு அடுத்த நாள்லருந்து." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அன்னிக்குக் கல்லாவுல நீங்க இருந்தீங்க. யாராவது வந்தாங்களா?"

வந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெட்டி. மெஷின் சர்வீஸ் என்றான். ஐயா, ஐயா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். இவ்வளவு பெரிய கடையை எப்படிக் கட்டினீங்க என்று கேட்டான். கேட்கிறவன் கேட்டால் நான் சொல்லாமல் இருப்பேனா? கம்பிச் சத்தத்தை நம்ப மாட்டேன் என்றான். நான் எழுந்து பின்னால் போய் மூன்று தடிமனில் மூன்று கம்பி எடுத்து வந்து தரையில் போட்டுக் காட்டினேன். கைதட்டினான். போகும்போது மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். அது என் மெஷின் இல்லை, அதே மாதிரி இன்னொன்று. நான் கம்பி எடுக்கப் போன நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் பில் புத்தகத்தில் நீலச் சட்டை என்று மட்டும் எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பேங்க் அதிகாரிக்குப் போன் போட்டேன். "அந்த மாசம் நிஜமாவே நாங்க சர்வீஸுக்கு ஆள் அனுப்பியிருக்கோம் பெரியவரே. நிறைய கடைக்குப் போயிருக்காங்க. ஒருத்தன் வந்தான்னு சொன்னா மட்டும் போதாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "திறந்து பாத்துடுவோம்" என்றேன். நான் திறக்காத பூட்டு, பிரிக்காத மோட்டார் இந்தத் தெருவில் கிடையாது.

கல்லாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி கையைப் பிடித்தது அந்த ஒரே தடவைதான். "திறந்தீங்கன்னா நம்மதான் உள்ள எதையோ வச்சோம்பாங்க. திறக்காமலே உள்ள இருக்கறதைக் காட்டணும்."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அவள் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணித் தராசு. பழைய முள் தராசு மாற்றி எண் காட்டுகிற தராசு வாங்கி ஐந்து வருஷமாகிறது, கிராம் சுத்தமாகக் காட்டும். வருஷா வருஷம் அரசாங்க முத்திரை போட்டது.

இரண்டு மெஷினிலிருந்தும் காகிதச் சுருளைக் கழற்றினாள். பேட்டரியைக் கழற்றினாள். துணியால் துடைத்தாள். முதலில் பின்வாசல் மெஷினை வைத்தாள், எழுதினாள். அடுத்து முன் மெஷினை வைத்தாள். இருபத்தாறு கிராம் கூட. இடம் மாற்றி வைத்தாள், மறுபடி வைத்தாள். இருபத்தாறு. இரண்டு அங்குல ஆணி எட்டு நிற்கும் அந்த எடைக்கு.

"உள்ளே எட்டு ஆணி ஒளிஞ்சிருக்கு" என்றேன்.

"யாரு அடிச்ச ஆணின்னுதான் தெரியணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அதையும் தள்ளிவிட்டார். "மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் எடை வித்தியாசம் இருக்கும்மா. ரெண்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"எத்தனையை வச்சா சொல்லலாம் சார்?" என்று கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தராசைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கப் பார்த்தாள். கடைத் தராசு கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். அதுவும் போக, இவளைத் திருடி என்று பேசிக்கொண்டிருக்கும் தெருவில் எந்தக் கடைக்காரன் இவளுக்கு மெஷினை எடுத்து நீட்டுவான்? என் சட்டத்தை நானே உடைத்தேன். ஏழு கிலோ தராசை நானே தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எழுபத்தொரு வயதில் எத்தனை பேரால் முடியும்?

தெருவில் அதே மாதிரி மெஷின் வைத்திருந்த கடைகள் பதினொன்று. துணிக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, மெஷினை எடைக்குப் போடறீங்களா? என்ன விலைக்கு எடுக்கறீங்க?"

"உங்களையும் சேர்த்து வைங்க, மொத்தமா விலை சொல்றேன்" என்றேன்.

பேக்கரியில், "கல்லாக்காவா? இவங்க கையில மெஷினைக் குடுக்கணுமா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடல. நீங்களே கழற்றி நீங்களே வைங்க. எண்ணை மட்டும் சத்தமா படிங்க, போதும்." அதற்கப்புறம் எல்லாக் கடையிலும் அப்படியே செய்தாள். கடைக்காரரே வைத்தார், கடைக்காரரே படித்தார், கடைக்காரரே கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது கடையில் ஒரு கிராம்கூட முன்னே பின்னே இல்லை, எங்கள் பின்வாசல் மெஷினின் அதே எடை. செருப்புக்கடையில் இருபத்தாறு கூட. மருந்துக்கடையில் இருபத்தாறு கூட. மருந்துக்கடைக்காரர் எண்ணைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீலச் சட்டைதானே? எங்க அப்பா காலத்துக் கடையான்னு கேட்டான். பழைய போட்டோ காட்ட உள்ள போனேன்" என்றார். செருப்புக்கடையிலும் அதே நீலச் சட்டை. இந்த இரண்டு கடையிலும் சேர்த்ததை அவன் இன்னும் பணமாக்க ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். எங்களைப் போல் கடைப் பெருமை பேசுகிற ஆளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கல்லாக்கா அந்தத் தாளைத் திருத்தமாக எழுதினாள். பன்னிரண்டு கடை, பதின்மூன்று மெஷின், பன்னிரண்டு கையெழுத்து. போலீஸ் நிலையத்துக்குப் பேங்க் போவதற்கு முன்னால் அவளே போனாள். குற்றவாளி என்று கூப்பிடப் போகிற இடத்துக்குப் புகார்க்காரியாகப் போனாள். அங்கிருந்த அதிகாரி தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "நிக்காதீங்க, உட்காருங்க" என்றாராம்.

திங்கட்கிழமை போலீஸும் பேங்க் அதிகாரியும் மெஷின் கம்பெனியின் நிஜமான ஆளும் கடைக்கு வந்தார்கள். ஆணி மேஜை மேலேயே முன் மெஷினைப் பிரித்தார்கள். பொத்தான்களுக்குக் கீழே நகம் தடிமனில் ஒரு பச்சைத் தகடு, அதிலிருந்து மயிரிழை மாதிரி இரண்டு கம்பி, பட்டை தேய்க்கிற பள்ளத்தில் ஒரு குட்டிப் பெட்டி. கம்பெனி ஆள் எல்லாவற்றையும் இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தான். யாரும் கேட்கவில்லை, அவனே வைத்தான். இருபத்தாறு.

பேங்க் அதிகாரி அவளிடம், "நீங்க கல்லாவுக்கே போகலாம்மா. எல்லாருக்கும் பணம் திரும்ப வந்துடும்" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் போனதும் நான் கூப்பிட்டேன். "வாம்மா. கல்லா காலியா இருக்கு."

"வர்றேன் முதலாளி. ரெண்டு விஷயம் இருக்கு. இனிமே யார் நம்பரையும் நான் அடிக்க மாட்டேன், காதாலயும் கேக்க மாட்டேன். கல்லா பக்கத்துல ஒரு குழாய் வைங்க, சோப்பு வைங்க, கையைக் கழுவிட்டு அவங்களே அடிக்கட்டும். இன்னொண்ணு..." நிறுத்தினாள். "கொத்தனார் அண்ணன் என்னைத் திருடின்னு சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. மெஷினை யார் கையில யார் குடுத்தாங்கங்கறதும் கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."

குழாயை அன்று சாயங்காலமே வைத்தேன், ஸ்டாக்கில் இருந்ததிலேயே உசத்தியானது. இரண்டாவது விஷயத்துக்கு எனக்கு நேரம் வேண்டியிருந்தது. வாழ்க்கையில் கம்பி தூக்கியிருக்கிறேன், கடனில் விழுந்து எழுந்திருக்கிறேன், ஒரு தடவைகூட நாலு பேர் முன்னால் நின்று நான் தப்பு செய்தேன் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டி வராத அளவுக்குப் பிழைத்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. அதுதான் கடையில் நெரிசல் நேரம், வேலைக்குப் போகிறவர்கள் சாமான் எடுக்க வருவார்கள். முப்பது பேர் இருக்கும். கொத்தனாரும் வந்திருந்தார், கல்லாப் பக்கம் வராமல் கயிறு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். "பணத்தைத் திருடினது ஒரு நீலச் சட்டைக்காரன். அவன் கையில இந்தக் கடை மெஷினைக் குடுத்தது நான். கல்லாக்கா அன்னிக்கு லீவு. அவ இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டா. அவளை ஆணி மேஜையில உக்கார வச்சதும் நான்தான். ரெண்டுமே என் தப்பு."

கடைசி வரிசையில் ஒருவன் பைப்பைக் கீழே வைத்தான். கொத்தனார் கயிறு வரிசையிலிருந்து முன்னால் வந்தார்.

"முதலாளி, நான் கத்தினதையும் சேர்த்துச் சொல்லிடுங்க" என்றார்.

கல்லாக்கா ஆணி மேஜையிலிருந்தே சொன்னாள். "அதுக்கு அவரு எதுக்கு? உங்களுக்கே வாய் இருக்கே அண்ணே. அன்னிக்கு நல்லாத்தானே வேலை செஞ்சுச்சு."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கொத்தனார் சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "தங்கச்சியைத் திருடின்னு சொன்னேன். தப்பு. நான் சொன்னது தப்பு" என்றார். சாரத்துக் குரலிலேயே சொன்னார், கடைசி வரிசைக்குக் கேட்டது.

அவள் தராசு மேல் துணியைப் போட்டு மூடினாள். நடந்து வந்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் என் உயரத்துக்கு நாற்காலியை இறக்கி வைத்திருந்தேன், அதைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள். சாவிக்குக் கையை நீட்டினாள், கொடுத்தேன்.

"முதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "வரிசை நிக்குது."